தூண்டில் விலைக்குள் இருக்கும் பத்து சதவீதம்: அமெரிக்காவில் மீன் வளத்துக்குப் பணம் வரும் வழி

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறவர்களும் படகு ஓட்டுகிறவர்களும்தான் மீன் வளத்தைக் காக்கப் பெரும்பணம் கொடுக்கிறார்கள் என்ற செய்தியை அவ்வப்போது பார்க்கிறோம். படித்து முடித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. மீனைப் பிடிக்கிறவரே மீனைக் காப்பவர் ஆவது எப்படி? அவர் கொடுப்பது நன்கொடையா, வரியா, லைசென்ஸ் கட்டணமா? அரசு கஜானாவுக்குள் போன பணம் ஆற்றுக்கும் ஏரிக்கும்தான் திரும்பி வந்தது என்பதற்கு என்ன உறுதி?

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2021-ல் புதுப்பித்த அனுமதி, 2026 நிதியாண்டு வரைக்குமானது. அந்த நிதியாண்டின் கடைசி நாள் 2026 செப்டம்பர் 30. அதனால் வரியே நின்றுவிடுமா, நிதி மட்டும் நிற்குமா என்று பலரும் கேட்கிறார்கள். அடிப்படையிலிருந்து தொடங்கினால் இதற்கும் பதில் கிடைத்துவிடும்.

மூன்று பணம், மூன்று வழி

செய்திகளில் மூன்று தனித்தனிப் பணங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி இதனால் வருவது.

1. லைசென்ஸ் கட்டணம். இதை விற்பது மாநில அரசு. மிஷிகனில் மீன் பிடிக்க மிஷிகன் லைசென்ஸ், டெக்சஸில் பிடிக்க டெக்சஸ் லைசென்ஸ். பணம் அந்தந்த மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறைக்குப் போகிறது.

2. தூண்டில் சாமான்கள் மீதான கலால் வரி. இது மத்திய அரசின் வரி. தூண்டில் கம்பு, ரீல், முள், செயற்கை இரை போன்றவற்றுக்கு 10 சதவீதம். சாமான் பெட்டிக்கும், படகை மெதுவாக நகர்த்தும் சிறிய மின் மோட்டாருக்கும் 3 சதவீதம்.

3. படகு எரிபொருள் வரி. மோட்டார் படகுக்குப் போடும் பெட்ரோல் மீது வசூலாகும் மத்திய வரி.

இவை தவிர, வெளிநாட்டிலிருந்து வரும் தூண்டில் சாமான்கள், உல்லாசப் படகுகள் மீதான சுங்க வரியும் சேர்கிறது. இரண்டாவது, மூன்றாவது வகைப் பணமும் இந்தச் சுங்க வரியும் ஒரே உண்டியலில் விழுகின்றன. அதன் பெயர் விளையாட்டு மீன் மீட்பு மற்றும் படகு நிதியம். 'விளையாட்டு மீன்' என்றால் தூண்டில்காரர்கள் பொழுதுபோக்காகப் பிடிக்கும் மீன் என்று பொருள். முதல் வகையான லைசென்ஸ் பணம் இந்த உண்டியலுக்குள் வருவதில்லை. ஆனால் உண்டியலைத் திறக்கும் சாவி அதுதான். அது எப்படி என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.

வேட்டைக்காரரிடம் கற்ற பாடம்

1930-களில் அமெரிக்காவில் காட்டு விலங்குகளும் நீர்ப்பறவைகளும் வேகமாகக் குறைந்தன. வறட்சி ஒரு பக்கம், கட்டுப்பாடில்லாத வேட்டை இன்னொரு பக்கம். 1937-ல் ஒரு சட்டம் வந்தது. நெவாடா செனட்டர் கீ பிட்மன், வர்ஜீனியா உறுப்பினர் வில்லிஸ் ராபர்ட்சன் ஆகிய இருவரின் பெயரால் அதை பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்கிறார்கள். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது ஏற்கெனவே இருந்த வரியை எடுத்து வனவிலங்கு மீட்புக்கு மட்டும் ஒதுக்கியது அந்தச் சட்டம்.

தூண்டில் சாமான்கள் மீது 1941-ல் 10 சதவீத வரி விதிக்கப்பட்டது. அது போர்க்கால வருமானத்துக்கான வரி. பொதுக் கஜானாவுக்குப் போனது. போர் முடிந்த பிறகு, துப்பாக்கி வரி காட்டுக்குப் போவதுபோல் தூண்டில் வரி தண்ணீருக்குப் போகட்டும் என்ற குரல் வலுத்தது. மிஷிகன் உறுப்பினர் ஜான் டிங்கல், கொலராடோ செனட்டர் எட்வின் ஜான்சன் கொண்டுவந்த சட்டத்தில் 1950 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். டிங்கல்-ஜான்சன் சட்டம் என்று இன்றும் சொல்வது இதைத்தான்.

அடுத்த பெரிய மாற்றம் 1984-ல். அதுவரை கம்பு, ரீல், மீன்கூடை, செயற்கை இரை ஆகிய சில பொருள்களுக்குத்தான் வரி. மீன் பிடிக்கிறவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போக, நிதி அதற்கு ஈடு கொடுக்கவில்லை. வயோமிங் செனட்டர் மால்கம் வாலப், லூசியானா உறுப்பினர் ஜான் புரோ இருவரும் கொண்டுவந்த திருத்தம், ஏறக்குறைய எல்லாத் தூண்டில் சாமான்களையும் வரிக்குள் இழுத்தது; படகு எரிபொருள் வரியையும் நிதியத்தில் சேர்த்தது. படகுக்காரர்கள் இந்தக் கூட்டுக்குள் வந்தது அப்போதுதான். நிதியத்துக்கு வரும் பணத்தில் இன்று பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருகிறது. தூண்டில்காரர்களை மட்டும் பேசிப் படகுக்காரர்களை விட்டுவிடும் கட்டுரைகள் பெரிய பாதியை விட்டுவிடுகின்றன.

ஒரு தூண்டில் கம்பிலிருந்து பணம் கிளம்புகிறது

கடையில் ஒருவர் தூண்டில் கம்பு வாங்குகிறார். ரசீதில் மாநில விற்பனை வரி இருக்கும். இந்த 10 சதவீதம் எங்கும் தெரியாது. அவர் கடைக்குள் வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ அதைக் கட்டி முடித்திருப்பார். விலைக்குள் அது கலந்திருக்கிறது. தயாரிப்பாளர் 60 டாலருக்கு விற்ற கம்பென்றால் வரி 6 டாலர். 400 டாலர் கம்பென்றால் 40 டாலர் ஆகாது. கம்புக்கு மட்டும் 10 டாலர் உச்சவரம்பு உண்டு. ரீலுக்கும் செயற்கை இரைக்கும் அந்த வரம்பு கிடையாது.

அங்கிருந்து பணம் போகும் பாதை இது:

1. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் வருமான வரித் துறையிடம் வரியைக் கட்டுகிறார்கள்.

2. கருவூலம் அதைத் தனி நிதியத்தில் வைக்கிறது. செலவாகும்வரை முதலீடு செய்கிறது, வட்டியும் நிதியத்துக்கே.

3. நிதியத்தில் ஏறத்தாழ 58 சதவீதம் மாநிலங்களின் மீன் திட்டங்களுக்கு. இதைப் பங்கிடுவது மத்திய அரசின் மீன் மற்றும் வனவிலங்குச் சேவை. அண்மை ஆண்டுகளில் இந்தப் பங்கு மட்டும் ஆண்டுக்கு 35 முதல் 40 கோடி டாலர் வரை இருந்திருக்கிறது.

4. மீதியில் பெரும் பங்குகள் இரண்டு: கடலோர ஈரநிலங்களுக்கு ஒன்று, படகுப் பாதுகாப்புக்கு ஒன்று. அப்புறம் படகுகளின் கழிவை உறிஞ்சி எடுக்கும் நிலையங்கள், படகுத் துறைகள், மக்களுக்குச் சொல்லிப் புரியவைக்கும் பணி ஆகியவற்றுக்குச் சிறு பங்குகள்.

5. மாநிலம் முதலில் தன் பணத்தில் வேலையைச் செய்துவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். 100 டாலர் வேலைக்கு 75 டாலர் திரும்பக் கிடைக்கும். மீதி 25 மாநிலத்தின் பொறுப்பு. பெரும்பாலும் அது லைசென்ஸ் பணத்திலிருந்து வருகிறது.

அதாவது ஒரு டாலர் லைசென்ஸ் பணம் மூன்று டாலர் மத்திய நிதியை இழுத்துக்கொண்டு வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புல் வெட்டும் இயந்திரமும் லூசியானா சதுப்பும்

பெட்ரோலுக்கு மத்திய வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். 1993-லிருந்து இந்த விகிதம் மாறவில்லை. ஒரு கேலன் நம் கணக்கில் 3.8 லிட்டர். 40 கேலன் போட்டுக்கொண்டு ஏரிக்குள் போகும் படகுக்காரர் 7 டாலருக்குச் சற்று மேல் வரி கட்டுகிறார். காருக்குப் போடும் பெட்ரோல் வரி சாலை நிதிக்குப் போகிறது. படகு சாலையில் ஓடுவதில்லை. அதனால் அந்தப் பணம் தண்ணீருக்கு. இதன் நியாயம் யாருக்கும் புரியும். ஆனால் பங்க்கில் நிற்கும் குழாய்க்குப் பெட்ரோல் காருக்குப் போகிறதா, படகுக்குப் போகிறதா என்று தெரியாது. எனவே மொத்த விற்பனையில் படகுகளின் பங்கு எவ்வளவு என்று கருவூலம் மதிப்பிட்டு, அந்த அளவை மாற்றித் தருகிறது.

வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் போன்ற சிறிய எஞ்சின்களின் எரிபொருளுக்கும் இதே வாதம் பொருந்தும். 1990-லிருந்து அந்த வரி கடலோர ஈரநிலங்களுக்குப் போகிறது. அதில் 70 சதவீதம் லூசியானாவுக்கு. காரணம் கண்ணால் பார்க்கக்கூடியது. மிசிசிப்பி ஆற்றின் இருபுறமும் கரை எழுப்பி வண்டலைத் தடுத்ததாலும், எண்ணெய்க் கால்வாய்கள் வெட்டியதாலும், நிலம் தாழ்வதாலும், 1930-களிலிருந்து அந்த மாநிலக் கடலோரம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்திருக்கிறது. இறால், நண்டு, கடல்மீன் குஞ்சுகள் வளர்வது அந்தச் சதுப்பில். ஒஹையோவில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுகிறவர் அதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த பகுதி இது.

பங்கு பிரிக்கும் கணக்கு

மாநிலங்களுக்குப் பணம் பிரிக்க இரண்டே அளவுகோல்கள்தான்.

1. 60 சதவீதம், பணம் கட்டி லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கைப்படி.

2. 40 சதவீதம், மாநிலத்தின் நிலப்பரப்பும் நீர்ப்பரப்பும் சேர்ந்த அளவுப்படி.

எந்த மாநிலத்துக்கும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, 1 சதவீதத்துக்குக் கீழும் கிடையாது. அலாஸ்காவும் டெக்சஸும் உச்சவரம்பைத் தொடுகின்றன. ரோட் ஐலண்டு போன்ற சின்ன மாநிலங்கள் அடிமட்ட 1 சதவீதத்தால் பிழைக்கின்றன.

லைசென்ஸ்தான் சாவி என்று மேலே சொன்னது இதனால்தான். ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் எடுப்பவர் கூடினால் அதன் பங்கும் கூடும். ஒருவர் மூன்று வகை லைசென்ஸ் எடுத்தாலும் ஒரு தலையாகத்தான் எண்ண வேண்டும். இலவசமாகக் கொடுத்த லைசென்ஸ் கணக்கில் வராது; அதிலிருந்து மாநிலத்துக்குக் கொஞ்சமாவது வருமானம் வந்திருக்க வேண்டும். முதியோருக்கு முழு இலவசம் என்று அறிவிக்கும் மாநிலம் ஓய்வூதியக்காரர்களை மகிழ்விக்கும், ஆனால் எண்ணிக்கையில் அவர்களை இழக்கும். சில மாநிலங்கள் முதியோரிடமும் சிறு தொகை வாங்குவதன் காரணம் இது.

பூட்டு எங்கே இருக்கிறது?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு பொருள் மீது வரி போட்டு, 'இது நல்ல காரியத்துக்கு' என்று அறிவிப்பது எந்த அரசுக்கும் எளிது. நாலைந்து ஆண்டில் பட்ஜெட்டில் பள்ளம் விழும்போது அந்தப் பணம் வேறு எங்காவது போய்விடும். உலகெங்கும் நடப்பது இது. இந்த ஏற்பாடு 75 ஆண்டு தாண்டியும் நிற்பதற்கு வரி விகிதம் காரணம் ஆகாது. பணத்தின் மேல் போட்ட பூட்டுதான் காரணம் என்பது என் முடிவு.

பூட்டு இப்படி அமைந்திருக்கிறது. மத்திய நிதியில் பங்கு வேண்டும் என்கிற மாநிலம், மீன்பிடி லைசென்ஸ் கட்டணத்தை மீன், வனவிலங்குத் துறையின் நிர்வாகத்தைத் தவிர வேறு எதற்கும் செலவிட மாட்டோம் என்று தன் சட்டமன்றத்தில் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கோ சாலைக்கோ அதைத் திருப்பினால், அந்தப் பணத்தை ஈடுகட்டித் திரும்ப வைக்கும்வரை மத்திய நிதி நின்றுவிடும். லைசென்ஸ் பணத்தின் வட்டிக்கும் இதே விதி. அந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தை விற்றால், விற்ற காசும் துறைக்கே திரும்ப வேண்டும்.

இப்போது அந்த ஒன்றுக்கு மூன்று கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாநில நிதியமைச்சகம் லைசென்ஸ் நிதியிலிருந்து ஒரு கோடி டாலரைத் தூக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக அது பணயம் வைப்பது அந்த ஆண்டு வரவேண்டிய மத்தியப் பங்கு முழுவதையும். நேர்மையான அதிகாரியை நம்பி அமைத்த ஏற்பாடாக இது இருந்திருந்தால் அந்த அதிகாரி மாற்றலாகும்போது போயிருக்கும். திருடினால் நட்டம் என்று கணக்கே சொல்லும்படி 1950-ல் எழுதிவைத்தவர்களின் முன்யோசனையை மனதாரப் பாராட்டுகிறேன்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இந்தப் பணத்துக்காக நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் வாக்களிக்கத் தேவையில்லை. பங்கிடும் அனுமதி இருக்கும்வரை வந்த வரி தானாகப் பங்காகிறது. பத்து ஆண்டு ஓடவேண்டிய ஆய்வைத் தொடங்கும் துறைக்கு இந்த உறுதி பெரிய பலம்.

கரைவலை இழுத்து எண்ணுவது

பணம் கடைசியில் என்னவாக மாறுகிறது? ஒரே ஓர் இடத்தை அருகிலிருந்து பார்க்கலாம்.

கிழக்குக் கரையில் மேரிலாந்து மாநிலம், செசபீக் விரிகுடா. அங்கே ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன் தூண்டில்காரர்களின் உயிர். வெள்ளிப் பளபளப்பான உடம்பின் நீளத்துக்கு ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வருவது இதன் பழக்கம். அட்லாண்டிக் கரையில் திரியும் இந்த மீன்களில் பெரும்பகுதி பிறக்கும் தொட்டில் இந்த விரிகுடாதான்.

1954-லிருந்து மேரிலாந்து உயிரியலாளர்கள் ஒவ்வொரு கோடையிலும் இதன் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். கருவி, நம் கடற்கரைகளில் இழுக்கும் கரைவலையின் சின்ன உருவம்: 100 அடி நீளம், 4 அடி உயரம், கால் அங்குலக் கண்ணி. ஒருவர் கரையில் வலையின் ஒரு முனையைப் பிடித்து நிற்பார். மற்றவர் மறுமுனையோடு தண்ணீருக்குள் நேராக நடந்து போய், நீரோட்டத்தோடு வளைத்துக் கரைக்குக் கொண்டுவருவார். சிக்கிய குஞ்சுகளைத் தொட்டியில் போட்டு, இனம் பிரித்து எண்ணித் திரும்ப விடுவார்கள். குறைந்தது அரை மணி நேரம் விட்டு அதே இடத்தில் இன்னொரு இழுப்பு. சாப்டாங்க், பொட்டோமக், நான்டிகோக் ஆறுகளிலும் விரிகுடாவின் மேற்பகுதியிலுமாக 22 இடங்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று முறை. ஆக மொத்தம் 132 இழுப்பு. ஓர் இழுப்புக்குச் சராசரியாக அந்த ஆண்டு பிறந்த எத்தனை ஸ்ட்ரைப்டு பாஸ் குஞ்சுகள் என்பதே அந்த ஆண்டின் குறியீட்டெண். இந்த ஆய்வுக்குத் தூண்டில் வரி நிதி உதவுகிறது.

1970-களில் இந்த எண் சரியத் தொடங்கியது. 1981-ல் 1.2. மீனவர்கள் வலையில் உணர்ந்ததை வலுவான எண்ணாக வைத்துப் பேச முடிந்ததால், 1985-ல் மேரிலாந்து ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பதையே முழுக்கத் தடை செய்தது. எப்போது திறப்பது என்பதற்கும் எண்தான் அளவுகோல்: மூன்று ஆண்டுச் சராசரி 8-ஐத் தொட வேண்டும். 1989-ல் குஞ்சுகள் நிறைய வர, 1990-ல் கட்டுப்பாடுகளோடு மீன்பிடி திறந்தது. 1995-ல் மீனினம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே குறியீட்டெண் 59-ஐத் தொட்டது.

மீனை மீட்டது பணமா என்றால், நேரடியாக இல்லை. பிழைக்க விட்டதால் மீன் பிழைத்தது. தடைக் காலத்தில் வருமானம் இழந்த மீனவக் குடும்பங்களின் தியாகமும் அதில் உண்டு. பணம் வாங்கிக் கொடுத்தது கண் பார்வையை. எத்தனை குஞ்சு என்று தெரியாத ஊரில் தடை போடவும் துணிவு வராது, தடையை நீக்கவும் துணிவு வராது.

அந்தக் கண் இன்றும் திறந்திருக்கிறது. காட்டுவது நல்ல செய்தியாக இல்லை. நீண்டகாலச் சராசரி 11. ஆனால் 2019-லிருந்து ஆண்டுக்கு ஆண்டு அதற்குக் கீழேதான். 2023-ல் 1.0, 2024-ல் 2.0. குளிரும் மழையும் குறைந்து, தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும் ஆண்டுகளில் முட்டையும் குஞ்சும் தாக்குப்பிடிப்பதில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதைத் தூண்டில் வரியால் மட்டும் சரிசெய்ய முடியாது.

படகுக்காரருக்கு என்ன கிடைக்கிறது?

மாநிலங்களுக்குப் போகும் மீன் நிதியில் 15 சதவீதம் மோட்டார் படகுகள் தண்ணீரில் இறங்கும் வசதிக்குச் செலவாக வேண்டும். வண்டியில் கட்டி இழுத்து வந்த படகை இறக்கும் கான்கிரீட் சரிவு, வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை போன்றவை. 1992-ன் தூய படகுச் சட்டத்தின் கீழ் படகுக் கழிப்பறைத் தொட்டிகளைக் காலிசெய்யும் நிலையங்களும் வந்தன. அவை இல்லாத துறைகளில் அந்தக் கழிவு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓட்டைகள்

இவ்வளவு நன்றாக யோசித்த ஏற்பாட்டிலும் குறைகள் இருக்கின்றன. சில சின்னவை, ஒன்று பெரியது.

1. எரிபொருள் வரி 1993-லிருந்து கேலனுக்கு இத்தனை சென்ட் என்று நிற்கிறது. விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு கரைகிறது. எஞ்சின்கள் குறைவாகக் குடிக்கின்றன, மின் படகுகள் வருகின்றன. காற்றுக்கும் நீருக்கும் நல்லது, நிதியத்துக்கு இழப்பு.

2. இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேரடியாக வாங்கும் தூண்டில் சாமானில் கலால் வரியைக் கட்ட வேண்டிய இறக்குமதியாளர் யார்? சட்டப்படி பார்த்தால், வாங்கியவரே என்று ஆகிவிடுகிறது. அவருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. விற்பனைத் தளங்களே வரியைக் கட்டட்டும் என்று நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள்.

3. மீன் குஞ்சுகளைப் பொரித்து ஏரிகளில் விடுவதற்கும் இந்த நிதி போகிறது. எல்லா இடத்திலும் அது நன்மை செய்யவில்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மீனே இல்லாமல் இருந்த உச்சி ஏரிகளில், இந்தச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே பல பத்தாண்டுகள் டிரவுட் மீனை விட்டார்கள். அங்கே வாழ்ந்த மஞ்சள் கால் தவளைகள் அழிவின் ஓரத்துக்குப் போயின. பின்னாளில் சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை எடுத்ததும் தவளைகள் திரும்பி வந்தன.

4. பெரிய குறை இது: யாரும் தூண்டில் போடாத உயிருக்குப் பணம் இல்லை. பொழுதுபோக்கு மீன்பிடியில் மதிப்புள்ள, துடுப்பு உள்ள மீன்களுக்கே நிதி என்று சட்டம் சொல்கிறது. நன்னீர் மட்டிகள் அமெரிக்க ஆறுகளில் மிக வேகமாக மறைந்துவரும் உயிர்களில் அடங்கும். ஒவ்வொரு மட்டியும் நாள் முழுக்க ஆற்று நீரை வடிகட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடிக்க யாரும் கம்பு வாங்குவதில்லை. அதனால் இந்த நிதியத்தில் அதற்குச் சொந்தமாக இடமில்லை. விரல் நீளச் சிறு மீன்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

நான்காவது குறையை நிரப்ப ஒரு முயற்சி நடந்தது. எல்லா வனவிலங்குகளுக்குமாக ஆண்டுக்கு 130 கோடி டாலருக்கு மேல் பொது நிதியிலிருந்து கொடுக்கும் மசோதா 2022 ஜூனில் கீழவையில் நிறைவேறியது. மேலவையில் நிறைவேறவில்லை. அது மிகவும் வருத்தம் தரும் செய்தி. தண்ணீரைக் குடிக்கும் அத்தனை பேரும் ஆற்றால் பயன்பெறுகிறார்கள். ஆற்றைக் காக்கும் செலவைத் தூண்டில்காரரும் படகுக்காரரும் மட்டும் தூக்க வேண்டும் என்பதில் நியாயம் இல்லை.

காவிரியில் நடந்தது

தூண்டில்காரர் பணத்தில் மீனைக் காக்கும் முயற்சி தென்னிந்தியாவிலும் உண்டு. கர்நாடகக் காவிரியில் மஹசீர் மீனுக்காக 1970-களிலிருந்து தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்ப விட வேண்டும். கட்டணத்தில் காவலாளிகளுக்குச் சம்பளம் போனது. முன்பு ஆற்றில் வெடி வைத்து மீன் பிடித்தவர்களில் சிலரே காவலாளிகள் ஆனார்கள். மீன்களும் பெருகின.

ஆனால் பெருகியது எந்த மீன்? காவிரிக்கே உரியது கூன் முதுகு மஹசீர். ஆளுயரம் வளரக்கூடியது. ஆற்றில் மீன் கூட்டும் நல்லெண்ணத்தில் மகாராஷ்டிராவின் லோனாவாலா பொரிப்பகத்திலிருந்து வேறோர் இன மஹசீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த தூண்டில் குறிப்புகளை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. மொத்த எண்ணிக்கை ஏறியிருக்கிறது; ஏறியது வந்தேறி இனம்; கூன் முதுகு மஹசீர் ஏறக்குறைய காணாமல் போயிருக்கிறது. 2018-ல்தான் அதற்கு உரிய அறிவியல் பெயரே உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் ஏறியது. பவானியில் போய்ச் சேரும் மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

தூண்டில்காரர்களின் அக்கறை அங்கேயும் உண்மையானதே. அவர்கள் நோட்டில் எழுதிவைக்காமல் போயிருந்தால் இந்தச் சரிவுகூட வெளியே வந்திருக்காது. ஆனால் அந்தப் பணத்துக்குச் சட்டப் பூட்டு இல்லை. மீனை ஆற்றில் விடுவதற்கு முன் இனம் பார்த்து எண்ணும் மேரிலாந்து மாதிரி ஒரு கரைவலையும் இல்லை.

செப்டம்பர் 30-க்குப் பிறகு என்ன?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தூண்டில் சாமான்கள் மீதான கலால் வரிக்குக் காலக்கெடு கிடையாது. அது நிரந்தர வரி; தயாரிப்பாளர் கட்டிக்கொண்டே இருப்பார், விலைக்குள் அது இருந்துகொண்டே இருக்கும். காலக்கெடு இருப்பது நிதியத்திலிருந்து பணத்தைப் பங்கிட்டு வெளியே எடுக்கும் அனுமதிக்கு. புதுப்பிக்காவிட்டால் உண்டியலில் காசு விழும், திறக்க ஆள் இருக்காது.

இதற்கு முன் 2005, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் இந்த அனுமதி பெரிய நெடுஞ்சாலைச் சட்டங்களோடு சேர்ந்தே புதுப்பிக்கப்பட்டது. எரிபொருள் வரி இரண்டுக்கும் பொதுவானதால் இந்தப் பிணைப்பு. சாலைச் சட்டம் தாமதமானால் மீன் நிதியும் அதோடு காத்திருக்க வேண்டும். மீனுக்கும் படகுக்கும் எதிராக யாரும் வாக்களிக்காமலேயே தாமதம் வரலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மாநிலங்கள் முதலில் செலவு செய்து பிறகு திரும்பப் பெறுகிற முறை என்பதால், சந்தேகம் வந்த உடனே துறைகள் செய்வது புதிய ஆள் எடுப்பதை நிறுத்துவது, அடுத்த பருவ ஆய்வைச் சுருக்குவது. சாப்டாங்க் ஆற்றங்கரையில் கரைவலை இழுக்கும் இருவரின் சம்பளமும் அந்தக் கணக்கில்தான் வரும். ஒரு கோடையில் எண்ணாமல் விட்ட குஞ்சுகளை அடுத்த கோடையில் போய் எண்ண முடியாது.